கோப்பையைச் சுற்றி நின்றவர்கள்: சாப்பாட்டுக் கடைப் படங்களின் கதை

இண்டைக்கு ஒரு சாப்பாட்டுக் கடையின் பெயரைக் கேட்டவுடனே நாங்கள் செய்கிற முதல் வேலை அங்கே போவது இல்லை, படம் பார்ப்பது. ஓடர் பண்ணுகிற ஆப்பில் கொத்து ரொட்டியின் படம், ஃபேஸ்புக் பக்கத்தில் நண்டுக் கறியின் படம், கடை வாசலில் ஆளுயரத்துக்கு அடித்துத் தொங்கவிட்ட பிரியாணியின் படம். படம் நல்லாயிருந்தால் போறம், இல்லாட்டி அடுத்த கடையைத் தட்டுறம். இந்தப் படங்களை ஆரோ ஒருவர் எடுத்திருக்கிறார். பெரும்பாலும் நிரந்தர வேலை இல்லாத, ஒரு கமராவும் ஒன்றிரண்டு லென்சும் மட்டும் வைத்திருக்கிற இளைஞரோ யுவதியோ. சனம் குறைந்த நேரம் பார்த்துப் போய், மேசையை ஜன்னல் பக்கம் இழுத்து, ஆவி அடங்கமுதல் எடுத்துக் கொடுத்த படம். அவருடைய பெயர் எங்கேயும் இராது.

ஃப்ரீலான்சாகக் கடை கடையாய்ப் போய்ச் சாப்பாட்டைப் படமெடுக்கிற இந்த வேலை இன்ஸ்டகிராமோடு தொடங்கியது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. இதற்குப் பின்னால் ஏறத்தாழ 200 வருட வரலாறு இருக்கு. அந்த வரலாற்றை மூன்று கேள்விகளோடு பார்க்கலாம். கமரா ஏன் இவ்வளவு காலம் கடைக்குள்ளே போகமுடியாமல் இருந்தது? போனபிறகு படத்துக்குள் யார் வந்தார்கள், யார் வெளியில் நின்றார்கள்? எடுத்த படம் யாருக்குச் சொந்தம்? மூன்றாவது கேள்விதான் இண்டைக்கு எங்கட ஆட்களின் வயிற்றோடு சம்பந்தப்பட்டது. ஆனால் முதல் இரண்டையும் தாண்டித்தான் அதற்கு வரவேணும்.

ஆளில்லாத மேசை

ஒளிப்படக் கலையின் முன்னோடிகளில் ஒருவரான பிரான்ஸ் நாட்டு நிசெஃபோர் நியெப்ஸ் எடுத்ததாகச் சொல்லப்படுகிற படங்களில் ஒன்று, சாப்பிடத் தயாராக்கி வைத்த ஒரு மேசை. போத்தல், கிண்ணம், கிளாஸ், கத்தி, ஒரு துண்டுப் பாண். மூலக் கண்ணாடித் தகடு 1909இல் உடைந்து அழிந்துபோனது. அதற்கு முன்னர் அச்சான பிரதி வழியாகத்தான் அதை இன்று பார்க்கிறோம். எடுத்த ஆண்டு பற்றி ஆய்வாளர்கள் இன்னும் வாதாடுகிறார்கள். ஆனால் ஒரு விஷயம் பார்த்தவுடனே தெரியும்: மேசை நிறையச் சாமான் இருக்கு, சாப்பிட ஆள் இல்லை.

காரணம் எளிது. அந்தக் காலத்துத் தகட்டில் உருவம் பதிய மணித்தியாலக் கணக்கில் வெளிச்சம் படவேணும். மனிசர் அவ்வளவு நேரம் அசையாமல் இருக்கமாட்டார்கள். பாணும் போத்தலும் இருக்கும். ஆக, சாப்பாடு ஒளிப்படத்துக்குள் முதலில் வந்தது சுவையால் அல்ல, பொறுமையால்.

இங்கிலாந்தில் ஹென்றி பொக்ஸ் டல்பொட் 1844 முதல் 1846 வரை பகுதி பகுதியாக வெளியிட்ட ‘இயற்கையின் பென்சில்’ என்ற புத்தகத்தில் 24 படங்கள் இருக்கின்றன. கடைசிப் படம் மேசைவிரிப்பின் மேல் இரண்டு கூடைப் பழங்கள். அதற்கு அவர் எழுதிய குறிப்பு பழத்தைப் பற்றியதே அல்ல. ஒரே மூலத்திலிருந்து எத்தனை பிரதியும் எடுக்கலாம் என்பதைப் பற்றித்தான் அதிலே பேசுகிறார். யோசித்துப் பாருங்கோ: சாப்பாட்டுப் படமும் ‘கொப்பி’ என்ற பிரச்சினையும் ஒரே பக்கத்தில் பிறந்திருக்கின்றன. ஒரு படத்தை ஆயிரம் தடவை அடிக்கலாம் என்றால், அந்த ஆயிரத்துக்கும் காசு யாருக்கு? டல்பொட் தன் கண்டுபிடிப்புக்குக் காப்புரிமை எடுத்து, பயன்படுத்துகிறவர்களிடம் பணம் கேட்டவர். அவருக்கு இந்தக் கேள்வி நன்றாகவே விளங்கியிருந்தது.

தாச்சியில் எரிந்த வெளிச்சம்

பிறகு தகடுகள் வேகமாயின. ஆனாலும் கடைக்குள் போவது லேசில்லை. சாப்பாட்டுக் கடை என்பது இயல்பிலேயே இருட்டு. பின்பக்கம் அடுப்புப் புகை, முன்பக்கம் மட்டும் ஒரு கதவு. 1887இல் ஜேர்மனியில் மக்னீசியத் தூளோடு வேறு இரசாயனங்களைக் கலந்து, பற்றவைத்தால் ஒரு கணம் பகல் போல எரிகிற கலவையைக் கண்டுபிடித்தார்கள். அந்தச் செய்தியைப் பத்திரிகையில் பார்த்த ஒருவர் நியூயோர்க்கில் பொலிஸ் நிருபராக இருந்த ஜேக்கப் றீஸ்.

றீஸ் இரவிலே குடியேறிகளின் சேரிகளுக்குள்ளும் மிச்ச பியர் விற்கிற நிலவறைக் கடைகளுக்குள்ளும் போனார். முதலில் அந்தத் தூளைத் துவக்குப் போன்ற ஒரு கருவியில் வெடிக்கவைத்தார். சனம் பயந்து ஓடியது. பிறகு ஒரு பொரிக்கிற தாச்சியில் தூளைக் கொட்டிப் பற்றவைக்கத் தொடங்கினார். சமையல் பாத்திரம் ஒன்று ஃப்ளாஷ் ஆனது இப்படித்தான். ஒருதடவை அவர் படமெடுத்த அறையிலேயே நெருப்பும் பிடித்தது. 1890இல் வந்த அவருடைய ‘மற்றப் பாதி எப்படி வாழ்கிறது’ என்ற புத்தகம் நியூயோர்க்கின் வீடமைப்புச் சீர்திருத்தங்களுக்கு ஒரு உந்துதலாக இருந்தது. அதே நேரம், அந்தப் படங்களில் இருக்கிற பல முகங்கள் கேட்காமல் எடுக்கப்பட்ட முகங்கள். நித்திரை கலைந்து, கண் கூசி, என்ன நடந்தது எண்டு விளங்காத முகங்கள். கடைக்குள் கமராவோடு போகிறவர் யாருடைய அனுமதியைக் கேட்கவேணும், முதலாளியிடம் மட்டுமா, உள்ளே இருக்கிறவர்களிடமுமா என்ற கேள்வி இங்கேயே தொடங்குகிறது.

அதே தூள் இன்னொரு வியாபாரத்தையும் உண்டாக்கியது. பெரிய ஹோட்டல்களில் நடக்கும் விருந்துகளைப் படமெடுப்பதற்கென்றே 12க்கு 20 அங்குல நெகற்றிவ் போடக்கூடிய அகலமான கமராக்கள் வந்தன. நூற்றுக்கணக்கான பேர் மேசை மேசையாக இருந்து கமராவைப் பார்ப்பார்கள். ஒரே ஒரு ஃப்ளாஷ். ஒவ்வொரு முகமும் தெளிவாக விழும். பிறகு வந்தவர்களுக்கே பிரதிகளை விற்பார்கள். உணவகத்துக்குப் போய்ப் படமெடுத்துப் பிழைத்த முதல் ஆட்கள் சாப்பாட்டை எடுத்தவர்கள் அல்ல, சாப்பிட்டவர்களை எடுத்தவர்கள். எங்கட ஊர்க் கலியாண வீட்டில் பந்திப் படம் எடுத்து அல்பத்தில் ஒட்டித் தருகிற ஸ்டூடியோக்காரரை இந்தப் பரம்பரையில்தான் வைக்கவேணும்.

இலங்கையில்: விளைச்சல் உண்டு, சாப்பாடு இல்லை

19ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் கொழும்பில் ஸ்கீன் போன்ற ஸ்டூடியோக்கள் இயங்கின. 1890இல் பிளாட்டே நிறுவனம் கொழும்பு பிரிஸ்டல் ஹோட்டலில் ஒரு சிறிய ஸ்டூடியோவாகத் தொடங்கியது. ஹோட்டலுக்குள் பிறந்த நிறுவனம்தான். ஆனால் அவர்களும் மற்றவர்களும் விற்ற படங்களையும் தபாலட்டைகளையும் பாருங்கோ. தேயிலை கொய்கிற பெண்கள், தென்னை மரத்தில் ஏறுகிற கள்ளுச் சீவுகாரர், பழக்கடை, மீன் வள்ளம். எல்லாம் சாப்பாட்டுக்கு வரமுந்தின கட்டம். அந்தக் கொழுந்து கொய்த கைகள் மத்தியானம் என்ன சாப்பிட்டன என்ற படம் அபூர்வம்.

இது தற்செயல் இல்லை. படத்தை வாங்கியவர் கப்பலில் வந்துபோகிற பயணி, தோட்டத்துரை, லண்டனில் இருக்கிற தேயிலைக் கம்பனி. அவர்களுக்கு இலங்கை என்பது விளைச்சல். மலையகத் தமிழ்ப் பெண்ணின் முகம் உலகம் பூராவும் தேயிலைப் பெட்டிகளிலும் விளம்பரங்களிலும் போனது. லயத்தில் அவர் சுட்ட ரொட்டி போகவில்லை. காசு கொடுப்பவர் யார் என்பதுதான் சட்டகத்துக்குள் என்ன வரும் என்பதையும் தீர்மானித்தது. இந்த விதி இன்றைக்கும் பெரிதாக மாறவில்லை.

பெரெனிஸ் அபொட்டின் இரண்டு கடைகள்

கடையை ஒரு வரலாற்றுச் சாட்சியாக எண்ணிப் படமெடுத்தவர்களில் எனக்கு மிகவும் பிடித்தவர் பெரெனிஸ் அபொட். பரிசில் இருந்து 1929இல் நியூயோர்க்குக்குத் திரும்பியபோது நகரம் அவர் கண்முன்னால் இடிந்து புதிதாக எழும்பிக்கொண்டிருந்தது. அதைப் பதிவுசெய்யக் காசு தேடி வருடக்கணக்கில் அலைந்தார். கடைசியில் 1935இல், பெருமந்த காலத்தில் வேலையில்லாத கலைஞர்களுக்கு அமெரிக்க அரசு சம்பளம் கொடுத்த கூட்டரசு கலைத் திட்டம் அவரை எடுத்துக்கொண்டது. ‘மாறும் நியூயோர்க்’ என்ற அந்த வேலை 1939இல் புத்தகமாக வந்தது.

1935 ஒக்டோபரில் அவர் எடுத்த ஒரு படம், பவரி வீதி 103ஆம் இலக்கத்தில் இருந்த ‘புளொசம்’ என்ற மலிவுச் சாப்பாட்டுக் கடை. கடைக் கண்ணாடி முழுக்க எழுத்து. எது எத்தனை சதம் என்று ஒவ்வொரு சாப்பாட்டுக்கும் விலை பெயின்ற்றில் எழுதியிருக்கு. பக்கத்தில் சலூன். வாசலில் ஆட்கள். ஒரு கோப்பை சோறோ சூப்போ படத்தில் இல்லை. ஆனால் 1935இல் ஒரு ஏழைத் தொழிலாளி எதைச் சாப்பிட்டான், எவ்வளவு கொடுத்தான் என்பதற்கு இதைவிட நல்ல ஆவணம் கிடைப்பது கஷ்டம்.

இரண்டாவது படம் 1936 பெப்ரவரியில் எடுத்தது: எட்டாவது அவெனியூ 977இல் இருந்த ‘ஓட்டோமற்’. ஹோர்ன் அன்ட் ஹார்டார்ட் கம்பனி 1902இல் பிலடெல்பியாவிலும் 1912இல் நியூயோர்க்கிலும் தொடங்கிய இந்த உணவகங்களில் பரிமாறுகிறவர் இல்லை. சுவர் முழுக்கச் சின்னச் சின்னக் கண்ணாடிக் கதவுகள். ஒவ்வொன்றுக்குப் பின்னாலும் ஒரு பை, ஒரு சாண்ட்விச். ஐந்து சதக் குற்றியைப் போட்டுக் குமிழைத் திருப்பினால் கதவு திறக்கும். அபொட்டின் படத்தில் தொப்பி போட்ட ஒரு மனிதர் பைகளின் முன்னால் நிற்கிறார். சுவருக்குப் பின்னால் நின்று வெறுமையான பெட்டிகளை நிரப்பிக்கொண்டே இருந்த பெண்களைப் படத்தில் காணமுடியாது. அவர்களைக் காணமுடியாமல் செய்வதற்காகத்தான் அந்தச் சுவரே கட்டப்பட்டது. இண்டைக்கு எங்கட போனில் வருகிற மெனுவும் அப்படியான ஒரு கண்ணாடிச் சுவர்தான்: தட்டினால் சாப்பாடு வரும், சமைத்த ஆள் வரமாட்டார்.

ஸ்டூடியோ தந்த அழகு, ஸ்டூடியோ சொன்ன பொய்

அதே 1930களில் இன்னொரு பக்கம் நிறம் வந்தது. ஹங்கேரியில் பிறந்து நியூயோர்க்கில் வேலைசெய்த நிக்கலஸ் மரே, மூன்று தனித்தனி நெகற்றிவ்களிலிருந்து நிறம் அடுக்கிச் செய்கிற கார்ப்ரோ முறையில், பெண்கள் சஞ்சிகைகளுக்குப் பளபளக்கும் சாப்பாட்டுப் படங்களை எடுத்தார். 1935இல் கொடக்குறோம் ஃபில்ம் வந்தது. ஆனால் அதன் வேகம் இன்றைய கணக்கில் ஏறத்தாழ ஐஎஸ்ஓ 10. உங்கட கமராவில் இருக்கிற ஆகக்குறைந்த இலக்கம் 100ஆக இருக்கும். அதிலும் பத்தில் ஒரு பங்கு. அவ்வளவு வெளிச்சத்தைக் கடைக்குக் கொண்டுபோகமுடியாது. அதனால் சாப்பாடு ஸ்டூடியோவுக்குக் கொண்டுவரப்பட்டது.

ஸ்டூடியோவில் லைட் சுடும், நேரம் எடுக்கும். ஐஸ்கிறீம் உருகும், சாலட் வாடும். ஆகவே ஐஸ்கிறீமுக்குப் பதிலாக மசித்த உருளைக்கிழங்கு, பாலுக்குப் பதிலாக வெள்ளைப் பசை, பாணிக்குப் பதிலாக என்ஜின் ஒயில், பனித்துளிக்குப் பதிலாக கிளிசரின் என்று ஒரு தனிக் கலையே வளர்ந்தது. இதற்கு ஒரு எல்லை போட்டது ஒரு சூப் கோப்பை. 1968இல் கம்பெல் சூப் விளம்பரத்துக்காகக் கோப்பையின் அடியில் கண்ணாடிக் குண்டுகளைப் போட்டிருந்தார்கள். நாங்கள் விளையாடுகிற மாபிள்தான். மரக்கறி எல்லாம் மேலே மிதந்து, சூப் நிறையக் கறி இருப்பது போலத் தெரிந்தது. அமெரிக்கக் கூட்டரசு வர்த்தக ஆணைக்குழு தலையிட்டு, 1970இல் இப்படி ஏமாற்றுவதை நிறுத்தும்படி ஒரு உடன்பாட்டுக் கட்டளை வந்தது. விற்கிற பொருள் படத்திலும் அந்தப் பொருளாகவே இருக்கவேணும் என்ற எண்ணம் விளம்பரத் தொழிலில் உறைத்தது இந்த வழக்கோடுதான்.

ஸ்டூடியோவை விட்டு வெளியே போன முக்கியமான முயற்சி டைம்-லைஃப் நிறுவனம் 1968இல் தொடங்கிய ‘உலக உணவுகள்’ புத்தக வரிசை. ‘இந்தியச் சமையல்’ தொகுதியைச் சாந்த ராமராவ் எழுத, லைஃப் சஞ்சிகைக்காக உலகம் சுற்றிய இலியட் எலிசோஃபொன் படமெடுத்தார். சமையல் குறிப்போடு சமைக்கிற ஆளும், அடுப்பும், சந்தையும் வந்தன. ஃபில்மும் வேகமாகியிருந்தது. 1990களில் அவுஸ்திரேலியச் சஞ்சிகைகளில் இருந்து பரவிய பாணி, ஜன்னல் வெளிச்சம், ஒரு புள்ளி மட்டும் தெளிவு, மற்றதெல்லாம் மங்கல் என்று இன்றைக்கு நாங்கள் எல்லாரும் எடுக்கிற படத்தின் இலக்கணத்தைத் தந்தது.

மேசையில் யார் இருக்கலாம்?

சாப்பாட்டுக் கடைப் படம் என்றால் சாப்பாடு அழகாக இருக்கிற படம் என்று மட்டும் நினைத்தால் ஒரு பெரிய வரலாறு தவறிப்போகும். 1963 மே 28ஆம் திகதி, மிசிசிப்பி மாநிலத்து ஜக்சன் நகரில், வூல்வேர்த் கடையின் சாப்பாட்டு மேசையில் கறுப்பினத்தவரும் அவர்களுக்கு ஆதரவான வெள்ளையரும் சேர்ந்து உட்கார்ந்தார்கள். அங்கே கறுப்பினத்தவருக்குப் பரிமாறமாட்டார்கள். பத்திரிகைப் படப்பிடிப்பாளர் ஃபிரெட் பிளாக்வெல் எடுத்த படத்தில் மூன்று பேர் அசையாமல் இருக்கிறார்கள். பின்னால் ஒரு கும்பல் சிரித்தபடி அவர்கள் தலையில் சீனியும் கெச்சப்பும் கடுகும் ஊற்றியிருக்கிறது. சாப்பாடு அங்கே ஆயுதம்.

எங்களுக்கு இது தூரத்துக் கதை இல்லை. யாழ்ப்பாணத்துத் தேநீர்க் கடைகளில் ஒடுக்கப்பட்ட சாதியினருக்கு உள்ளே இடம் இல்லை, இருக்கக் கதிரை இல்லை, குடிக்க வேறு பேணி, வேறு போத்தல். 1957ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் சாதியின் பெயரால் கடைகளிலும் உணவகங்களிலும் ஆட்களைத் தடுப்பதைக் குற்றமாக்கியது. சட்டம் வந்ததால் மட்டும் கதவு திறக்கவில்லை. 1966 ஒக்டோபர் 21 சுன்னாகம் ஊர்வலத்துக்குப் பிறகு, தேநீர்க் கடைப் பிரவேசப் போராட்டங்கள் ஊர் ஊராக நடந்தன. அடியும் வெட்டும் வாங்கித்தான் ஒரு கிளாஸ் தேத்தண்ணிக்குரிய உரிமை வந்தது.

இண்டைக்கு ‘பழைய யாழ்ப்பாணத்துச் சுவை’ என்று மூக்குப்பேணியையும் மரக் கதிரையையும் வைத்து ஏக்கமாய்ப் படம் எடுக்கிற போக்கு ஒன்று இருக்கு. எடுக்கலாம், அழகாகத்தான் இருக்கும். ஆனால் அந்தப் பேணி எல்லாருக்கும் கொடுக்கப்பட்ட பேணி அல்ல. அதை அறிந்து எடுக்கிறவருடைய படமும் தெரியாமல் எடுக்கிறவருடைய படமும் ஒன்றாக இராது. ஆரை எங்கே நிறுத்துகிறோம், என்ன தலைப்புப் போடுகிறோம் என்பதில் வித்தியாசம் தெரியும்.

போர்க்காலமும் இந்த அல்பத்தில் ஒரு வெற்றுப் பக்கம். 1990களில் வடக்குக்கு மின்சாரம் இல்லை. பற்றரி தடைசெய்யப்பட்ட பொருள். ஃப்ளாஷுக்குப் போடப் பற்றரி இல்லாத ஊரில் கடைச் சாப்பாட்டை யார் எடுப்பது? அந்தப் பத்து வருடங்களில் சனம் என்ன சாப்பிட்டு உயிர் தப்பியது என்பதற்கு வாய்மொழிதான் சாட்சி. ஒரு கோப்பைக் கஞ்சியின் படத்துக்கும் வரலாற்றில் எவ்வளவு பெறுமதி என்று அப்போதுதான் விளங்கும்.

எடுத்த படம் யாருடையது?

இனி மூன்றாவது கேள்வி. ஃப்ரீலான்ஸ் என்றவுடன் சுதந்திரம் என்று கேட்கும். வரலாற்றில் அது பெரும்பாலும் பாதுகாப்பில்லாமை.

வீஜீ என்று பேரெடுத்த ஆர்தர் ஃபெலிக் 1935இல் செய்திப் பட நிறுவன வேலையை விட்டுவிட்டு நியூயோர்க்கில் தனியாளாக இறங்கினார். காரின் பின்பெட்டியே அவருடைய அலுவலகம். கொலை, நெருப்பு, விபத்து என்று ஓடியவர், 1940களில் பவரி வீதியில் இருந்த சாமி என்பவருடைய மதுக்கடையிலே பாடுகிறவர்களையும் குடிக்கிறவர்களையும் சாப்பிடுகிறவர்களையும் இரவிரவாக எடுத்தார். தன் படங்களின் பின்பக்கத்தில் ‘புகழ்பெற்ற வீஜீ’ எடுத்தது எனப் பெயர் போடும்படி ஒரு முத்திரை குத்தியே கொடுப்பார். கேட்கச் சிரிப்பாக இருக்கும். ஆனால் பெயர் போகாத ஃப்ரீலான்சருக்கு அடுத்த வேலை வராது என்பதை அறிந்தவன் குத்திய முத்திரை அது.

1947இல் ரொபேர்ட் கப்பா, ஹென்றி கார்த்தியே பிரெஸோன், ஜோர்ஜ் ரொட்ஜர், டேவிட் சீமோர் ஆகியோரை முக்கிய உறுப்பினராகக் கொண்டு மக்னம் தொடங்கியது. நியூயோர்க் நவீன கலை அருங்காட்சியகத்து உணவகத்தில் ஒரு மத்தியானச் சாப்பாட்டு மேசையில் தீர்மானிக்கப்பட்டது என்பார்கள். அதன் அடிப்படைக் கொள்கை ஒரு வரிதான்: காசு கொடுத்து அனுப்பியது சஞ்சிகையாக இருக்கலாம், படத்தின் உரிமை எடுத்தவருக்கே. அதனால் ஒரே படத்தைப் பல நாடுகளில் பல தடவை விற்கமுடிந்தது.

அது அப்போது ஏன் புரட்சி? பிரித்தானியாவின் 1911ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம், ஒருவர் காசு கொடுத்துப் படம் எடுப்பித்தால், வேறு உடன்பாடு இல்லாத பட்சத்தில், உரிமை எடுப்பித்தவருக்கே என்று சொன்னது. அந்தச் சட்டம் இலங்கையிலும் நடைமுறையில் இருந்தது. அமெரிக்காவில் 1976ஆம் ஆண்டுச் சட்டம் 1978 ஜனவரி 1 முதல் அமுலுக்கு வந்தபோதுதான் ஃப்ரீலான்சருக்குச் சாதகமாக நிலைமை திரும்பியது. பிரித்தானியாவே தன் விதியை 1988ஆம் ஆண்டுச் சட்டத்தால் மாற்றியது. இந்தியாவில் 1957ஆம் ஆண்டுச் சட்டம், காசுக்கு எடுப்பித்த படம் எடுப்பித்தவருக்கே என்ற பழைய விதியை இன்னும் வைத்திருக்கு.

இலங்கையின் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் வேறு விதமாகச் சொல்கிறது. படைத்தவரே முதல் உரிமையாளர். சம்பளத்துக்கு வேலைசெய்பவர் தன் வேலையின் பகுதியாக எடுத்த படம் முதலாளிக்குப் போகும். அதையும் ஒப்பந்தத்தால் மாற்றலாம். உரிமை, படைத்தவரின் வாழ்நாளும் அதற்குப் பிறகு 70 வருடமும் நிற்கும். தன் பெயர் குறிப்பிடப்படவேணும் எனக் கேட்கிற உரிமையும் இருக்கு. ஒரு கடைக்கு ஒருநாள் போய்ப் படமெடுத்துக் கொடுக்கிற நீங்கள் அந்தக் கடையின் ஊழியர் இல்லை. ஆக, வேறு விதமாக ஒப்புக்கொள்ளாவிட்டால், படம் உங்களுடையது. இதை அறியாத ஃப்ரீலான்சர்தான் எங்கட ஊரில் கூட.

‘சாப்பிட்டுட்டுப் போங்கோ தம்பி’

2018இல் ஊபர் ஈட்ஸ் கொழும்புக்கு வந்தது. உள்ளூர் ஆப்களும் இறங்கின. அதுவரை வாசல் போர்டோடு திருப்திப்பட்ட சின்னக் கடைக்கும் ஒவ்வொரு சாப்பாட்டுக்கும் ஒரு படம் தேவைப்பட்டது. வேலை கூடியது. காசு அதே அளவுக்குக் கூடவில்லை. 2022இல் ரூபா டொலருக்கு ஏறத்தாழ 200இல் இருந்து 360க்கு விழுந்தபோது, லென்ஸ் விலை எட்டாத உயரத்துக்குப் போனது. ஒரு படத்தின் விலை அங்கேயே நின்றது. காஸ் இல்லாமல் கடைக்காரரும் தவித்த காலம் என்பதையும் மறக்கக்கூடாது.

இந்த வேலையை வெளியில் இருந்து பார்ப்பவர்களுக்கு அது ஒரு ‘கிளிக்’. உள்ளே நடப்பது வேறு. கடையில் ஒரு பக்கம் ரியூப் லைட் பச்சையடிக்கும், மறுபக்கம் பல்ப் மஞ்சளடிக்கும், வாசலால் வருகிற பகல் நீலமடிக்கும்; மூன்றையும் ஒரே கோப்பையில் சமன்செய்யவேணும். எங்கட மின்சாரம் 50 ஹேர்ட்ஸ், அதனால் பல லைட்டுகள் செக்கனுக்கு 100 தடவை துடிக்கும். ஷட்டரை 1/50இலோ 1/100இலோ வைக்காவிட்டால் படத்தில் கோடு விழலாம். கொத்தின் ஆவி நிமிடக்கணக்கில் போய்விடும். அப்பத்தின் ஓரம் தொய்யும், சொதி ஆடை பிடிக்கும், இடியப்பம் காய்ந்து வெளிறும். மத்தியானச் சனம் போய் இரவுச் சனம் வரமுதல் இருக்கிற இரண்டு மணித்தியாலத்துக்குள் 20 சாப்பாடு. பிறகு வீட்டில் இரவிரவாக எடிட்டிங். இதற்கெல்லாம் கூலியாக ‘சாப்பிட்டுட்டுப் போங்கோ தம்பி, உங்கட பேஜையும் ராக் பண்ணுறம்’ என்ற பதில் பலருக்கும் பழக்கம். எனக்குத் தெரிந்த ஒருவர் எடுத்த படம், அவர் படமெடுத்த கடையைத் தாண்டி வேறு இரண்டு கடைகளின் போர்டிலும் தொங்குகிறது. மூன்றிலும் அவருக்கு ஒரு சதமும் வரவில்லை.

முதலாளிகளைத் திட்டி முடித்துவிட முடியாது. சின்னக் கடைக்காரருக்கும் இந்தச் சட்டம் தெரியாது. அவரும் ஆப்புக்கு ஒவ்வொரு ஓடரிலும் கொமிஷன் கட்டுகிறார். அதனால்தான் விஷயத்தைத் தொடக்கத்திலேயே கதைத்து எழுதிக்கொள்வது இரண்டு பக்கத்துக்கும் நல்லது. ஒரு வாட்ஸ்அப் செய்தியாவது போதும்: எத்தனை படம், எவ்வளவு காசு, எந்த இடங்களில் பாவிக்கலாம், எவ்வளவு காலம், வேறு யாருக்கும் கொடுக்கலாமா, பெயர் எங்கே வரும். மெனுவுக்கு ஒரு விலை, வீதிப் போர்டுக்கு இன்னொரு விலை. மக்னம்காரர் 1947இல் கேட்டதைத்தான் நாங்களும் கேட்கிறம், புதிதாக ஒன்றுமில்லை. தனியாகக் கேட்டால் ‘வேற ஆள் இருக்கு’ என்பார்கள். ஒரு ஊரில் இந்த வேலை செய்கிற பத்துப் பேர் கூடி ஆகக்குறைந்த விலை ஒன்றைப் பேசிவைத்தால் அந்தப் பதில் வலுவிழக்கும்.

இன்னொன்று. ஓடர் கோப்பைக்குத்தான் வரும், காசும் கோப்பைக்குத்தான். ஆனால் அந்த இரண்டு மணித்தியாலத்தில், கேட்டுவிட்டு, இன்னும் இரண்டு மூன்று படங்கள் எடுக்கலாம். தகட்டில் கொத்துகிறவரின் கை, பின்பக்கம் தேங்காய் துருவுகிற அக்கா, சுவரில் எழுதிய இன்றைய விலை. வடக்கில் அம்மாச்சி உணவகங்களில் சமைக்கிற பெண்கள் கண்முன்னாலேயே நின்று தோசை ஊற்றுகிறார்கள். அங்கே அவர்களைச் சட்டகத்தில் இருந்து வெட்டுவதுதான் கஷ்டம். மற்றக் கடைகளில் சுவருக்குப் பின்னால் போகவேணும். திகதியும் இடமும் எழுதி, பெயரை அவர்கள் விரும்பினால் சேர்த்து, அந்தப் படங்களைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கோ. இண்டைக்கு அவற்றை யாரும் வாங்கமாட்டார்கள். ஆனால் 2020களில் எங்கட சனம் எதைச் சாப்பிட்டது, என்ன விலைக்கு, யார் கையால் என்று நாளைக்கு ஒருவர் தேடும்போது, ஆப்பில் கிடந்த மினுக்கிய கொத்துப் படத்தில் அதற்குப் பதில் இராது.